யூத நண்பர் பண்டிகைக்கு வீட்டுக்கு அழைத்திருக்கிறாரா? போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

யூதப் பண்டிகைகளைப் பற்றித் தேடினால் பெரும்பாலும் ஒரு பட்டியல்தான் கிடைக்கும். பெயர், தேதி, ஒரு வரி விளக்கம், அவ்வளவுதான். அதை மட்டும் படித்துவிட்டு ஒருவர் வீட்டுக்குப் போனால் அங்கே நடப்பது ஒன்றும் பிடிபடாது. எனக்கு முதல் தடவை அப்படித்தான் இருந்தது. ரொட்டியை ஏன் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள், கை கழுவிவிட்டு வந்தவர் நான் கேட்டதற்கு ஏன் பதில் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டுகிறார், விளக்கை ஏன் யாருமே அணைக்கவில்லை என்று ஒவ்வொன்றும் கேள்வியாகவே இருந்தது. பிறகு பல பண்டிகைகளுக்குப் போய்ப் பழகிய பின்னால் ஒரு விஷயம் புரிந்தது. இந்தப் பண்டிகைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வினைச்சொல் உண்டு. புத்தாண்டுக்குக் 'காதால் கேள்', கூடாரப் பண்டிகைக்கு 'உட்கார்', விடுதலைப் பண்டிகையான பஸ்காவுக்குச் 'சாப்பிடு, சொல்', ஹனுக்காவுக்கு 'விளக்கு ஏற்று'. அன்றைக்கு உடம்பால் எதைச் செய்ய வேண்டும் என்பதைத்தான் யூதச் சட்டம் முதலில் பேசுகிறது, அர்த்தம் அந்தச் செயலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அந்த வினைச்சொல்லைப் பிடித்துக்கொண்டால் விருந்தாளியாகப் போகும் உங்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் தேதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம்

யூத நாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை, சூரியன் மறையும்போது தொடங்குகிறது. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் 'சாயங்காலமும் விடியற்காலமுமாகி முதலாம் நாள் ஆயிற்று' என்று மாலை முதலில் வருகிறது அல்லவா, அதிலிருந்து வந்த வழக்கம். அதனால் காலண்டரில் போட்டிருக்கும் தேதிக்கு முந்தின நாள் மாலையே பண்டிகை ஆரம்பித்துவிடும். எடுத்துக்காட்டாக, 2026-இல் பஸ்காவின் முதல் நாள் ஏப்ரல் 2, ஆனால் அதன் பெரிய விருந்து ஏப்ரல் 1 இரவு. நான் பார்த்தவரையில் புதிதாகப் போகிறவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான், ஒரு நாள் தள்ளிப் போய் நிற்பார்கள். அழைப்பு வந்ததும் "எந்த நாள் மாலை, எத்தனை மணிக்கு?" என்று கேட்டுவிடுங்கள்.

மாதங்கள் நிலாவை வைத்து நடக்கின்றன. முதல் பிறையில் மாதம் பிறக்கும், பதினைந்தாம் நாள் பௌர்ணமி. பஸ்காவும் கூடாரப் பண்டிகையும் பதினைந்தாம் நாளில் வருவதால் இரண்டுமே முழுநிலவுப் பண்டிகைகள். பன்னிரண்டு நிலா மாதங்கள் சேர்ந்தால் சுமார் 354 நாட்கள்தான் வரும், சூரிய ஆண்டைவிட 11 நாட்கள் குறைவு. அப்படியே விட்டால் பஸ்கா மெல்ல மெல்ல நகர்ந்து குளிர்காலத்துக்குள் போய்விடும், ஆனால் அது வசந்தத்தில்தான் வர வேண்டும் என்பது தோராவின், அதாவது மோசேயின் ஐந்து நூல்களின், கட்டளை. ஆகவே 19 ஆண்டுகளுக்கு 7 முறை ஒரு கூடுதல் மாதம் சேர்க்கிறார்கள். அதனால்தான் இந்தப் பண்டிகைகள் நம் காலண்டரில் முன்னும் பின்னும் போகின்றன, ஆனால் பருவத்தை விட்டு வெளியே போவதில்லை.

இன்னொன்று. இஸ்ரேலுக்கு வெளியே, மரபைக் கடைப்பிடிக்கிற வீடுகளில் தோரா சொல்லும் பெரிய பண்டிகைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு நாள் கூடுதலாக இருக்கும். பழங்காலத்தில் பிறை தெரிந்ததை ஜெருசலேமில் அறிவித்த பிறகு, ஆட்கள் போய்த்தான் தூரத்து ஊர்களுக்குச் செய்தி சொல்ல வேண்டும். செய்தி வந்து சேர நாளாகலாம் என்பதால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இரண்டு நாளும் கொண்டாடினார்கள். இப்போது கணக்கு எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் முன்னோர் வழக்கம் என்று வைத்திருக்கிறார்கள். ஆகவே பஸ்கா விருந்து இஸ்ரேலில் ஒரு இரவு, வெளிநாட்டில் பெரும்பாலும் இரண்டு இரவு. 'இரண்டாம் இரவுக்கு வா' என்று யாராவது அழைத்தால் அது மிச்சம் மீதிக்கான அழைப்பு இல்லை, முழு விருந்துதான்.

என்ன எடுத்துக்கொண்டு போவது, எப்படி நடந்துகொள்வது

நண்பர் எந்த அளவுக்கு மரபைக் கடைப்பிடிப்பவர் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், மற்ற எல்லாம் அதைப் பொறுத்தது. மரபை இறுக்கமாகப் பிடிக்கிற ஆர்த்தடாக்ஸ், நடுவில் நிற்கிற கன்சர்வேடிவ், தளர்வான ரிஃபார்ம் என்று பிரிவுகள் இருக்கின்றன, எதிலும் சேராமல் பண்டிகையை மட்டும் கொண்டாடுகிறவர்களும் ஏராளம். ஒருவர் வீட்டில் போனே தொடமாட்டார்கள், இன்னொருவர் வீட்டில் தூரத்தில் இருக்கும் பாட்டி வீடியோ அழைப்பில் மேசையில் இருப்பார். இரண்டும் யூத வீடுதான். கேட்பதில் தவறே இல்லை, கேள்வி கேட்பதை இவ்வளவு மதிக்கிற மரபை நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை.

கோஷர் என்கிற யூத உணவுச் சட்டப்படி சாப்பிடுகிற வீட்டுக்கு உங்கள் கையால் சமைத்த பண்டத்தைக் கொண்டு போகாதீர்கள், எவ்வளவு அன்போடு செய்திருந்தாலும் சரி. இறைச்சியும் பாலும் சேரக் கூடாது, பாத்திரங்கள்கூடத் தனித்தனி, அதனால் உங்கள் சமையலறையில் செய்ததை அவர்களால் சாப்பிட முடியாது, மறுக்கவும் சங்கடப்படுவார்கள். வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்றால் கோஷர் முத்திரை உள்ள, பிரிக்காத பாக்கெட். ஒயினுக்கும் அந்த முத்திரை வேண்டும். இறைச்சி விருந்தென்றால் பால் கலந்த இனிப்பு வேண்டாம். பூங்கொத்து எப்போதும் நல்லது, ஆனால் சூரியன் மறைவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் ஓய்வுநாளில் பொருட்களை வெளியே தூக்கிக்கொண்டு நடப்பதற்கும், பூவைப் புதுத் தண்ணீரில் வைப்பதற்கும்கூடக் கட்டுப்பாடு உண்டு.

ஜெப ஆலயத்துக்கு அழைத்தால் அடக்கமான உடை. ஆண்கள் தலையை மூட வேண்டும், வாசலில் சின்னத் தொப்பிகள் வைத்திருப்பார்கள், ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கயிறு தொங்கும் அந்த ஜெபச் சால்வை யூதர்களுக்கு உரியது, அதை எடுக்க வேண்டாம். ஆர்த்தடாக்ஸ் இடங்களில் ஆண்களும் பெண்களும் தனித்தனியாக உட்காருவார்கள், எதிர்பாலினரோடு கைகுலுக்காதவர்களும் இருப்பார்கள், அதனால் நீங்களாகக் கை நீட்டாமல் அவர் நீட்டினால் கொடுங்கள்.

வெள்ளிக்கிழமை இரவு

எந்தப் பண்டிகைக்கும் முன் ஷபாத் என்கிற வார ஓய்வுநாள் ஒன்றுக்குப் போய்வாருங்கள் என்பேன். வாரா வாரம் வருவதால் அதைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது, யூதர்களுக்கு அதுதான் பெரிய நாள், பத்துக் கட்டளைகளில் இடம்பெற்ற ஒரே பண்டிகை நாள் அதுதான். மற்றப் பண்டிகைகளின் சடங்கு வரிசையும் கிட்டத்தட்ட இதே அச்சில் வார்த்தது.

சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்பு மெழுகுவத்தி ஏற்றுவது பரவலான வழக்கம், பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் ஏற்றுவார்கள். ஏற்றியபின் கண்ணை மூடி வேண்டிக்கொள்வார்கள். அப்புறம் ஒயின் கிண்ணத்தைக் கையில் வைத்து கித்துஷ் என்கிற ஆசீர்வாதம், கை கழுவல், ரொட்டி. கை கழுவியதிலிருந்து ரொட்டியைக் கடிக்கும்வரை பேசமாட்டார்கள், அந்த நேரத்தில் உங்களுக்குப் பதில் வராவிட்டால் கோபம் என்று நினைக்காதீர்கள். மேசையில் இரண்டு பின்னல் ரொட்டிகள் இருக்கும், ஹல்லா என்று பெயர். வனாந்தரத்தில் மன்னா என்ற வானத்து உணவு பொழிந்தபோது வெள்ளிக்கிழமை இரண்டு மடங்கு கிடைத்ததன் நினைவு அது. துணி போட்டு மூடியிருப்பதற்கு அவர்கள் சொல்லும் காரணங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது: ஒயினுக்கு முதலில் ஆசீர்வாதம் சொல்லும்போது ரொட்டி தன்னைப் பின்னால் தள்ளிவிட்டார்களே என்று வெட்கப்படக் கூடாதாம். ரொட்டிக்கே இவ்வளவு பார்க்கிறவர்கள் பக்கத்தில் இருக்கும் மனிதரை எப்படி நடத்த வேண்டும் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வழி அது.

ஷபாத்தின் வினைச்சொல் 'நிறுத்து'. 39 வகை வேலைகள் விலக்கு, நெருப்பு மூட்டுவதும் எழுதுவதும் அதில் உண்டு, மின்விளக்கைப் போடுவதும் அணைப்பதும்கூட விலக்கப்பட்டதாக ஆர்த்தடாக்ஸ் மரபு எடுத்துக்கொள்கிறது. அதனால் முக்கியமான ஒன்று: கழிப்பறைக்குப் போய்விட்டு வரும்போது பழக்கத்தில் விளக்கை அணைத்துவிடாதீர்கள். அதைத் திரும்பப் போட அந்த வீட்டில் யாராலும் முடியாது, மறுநாள் இரவுவரை எல்லோரும் இருட்டில்தான் போய்வர வேண்டும். போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள், படம் எடுக்க வேண்டாம். வாழ்த்து 'ஷபாத் ஷாலோம்'. சனிக்கிழமை இரவு மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் ஒயின், வாசனைப் பொருட்கள், பின்னிய மெழுகுவத்தி வைத்து ஹவ்தலா என்ற சிறு சடங்கோடு முடியும். வாசனை எதற்கென்றால், ஷபாத் போய்விட்ட வருத்தத்தில் இருக்கும் மனதைத் தேற்ற.

பஸ்கா: பசித்தவன் எவனும் வந்து சாப்பிடட்டும்

உங்களுக்கு வரும் அழைப்பு பெரும்பாலும் இதற்குத்தான் இருக்கும், ஏனென்றால் அந்த இரவின் வாசகத்திலேயே 'பசித்தவன் எவனும் வந்து சாப்பிடட்டும்' என்று வருகிறது. எகிப்தில் அடிமையாக இருந்து மோசேயின் தலைமையில் வெளியேறிய கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இவர்கள் அதைப் பழங்கதையாகச் சொல்வதில்லை. 'ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொருவரும் தானே எகிப்திலிருந்து வெளியேறியதாகத் தன்னைப் பார்க்க வேண்டும்' என்பது மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பின் சட்டம். அந்த இரவில் நடக்கும் ஒவ்வொன்றும் இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

வேலை வாரக்கணக்கில் முன்பே தொடங்கிவிடும். கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் என்ற ஐந்து தானியங்களில் எதன் மாவாவது தண்ணீர் பட்டு 18 நிமிடம் சும்மா கிடந்தால் அது ஹமெட்ஸ், அதாவது புளித்தது. அதைச் சாப்பிடுவது மட்டும் இல்லை, வீட்டில் வைத்திருப்பதே கூடாது. ஆகவே அலமாரி, சோபா இடுக்கு, குழந்தைகளின் பை என்று ஒன்றுவிடாமல் சுத்தம் செய்கிறார்கள். முந்தின இரவு விளக்கை அணைத்துவிட்டு மெழுகுவத்தி வெளிச்சத்தில் ரொட்டித் துண்டு தேடுவார்கள், தேடுவதற்கென்றே பத்துத் துண்டுகளை ஒளித்து வைக்கும் வழக்கமும் உண்டு. கிடைத்ததைக் காலையில் எரிப்பார்கள். அதனால் பஸ்கா வாரத்தில் அந்த வீட்டுக்குள் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக்கூடக் கொண்டு போகக் கூடாது. சாதாரணக் கோஷர் முத்திரையும் போதாது, 'பஸ்காவுக்கு ஏற்றது' என்று தனியாகக் குறித்திருக்க வேண்டும். அரிசி, பருப்பு விஷயத்தில் அவர்களுக்குள்ளேயே வேறுபாடு: ஐரோப்பிய மரபான அஷ்கெனாசிகள் காலம்காலமாக விலக்கியவை, ஸ்பெயின் மரபில் வந்த செபார்டிகளில் பெரும்பாலோர் சாப்பிடுவார்கள். பூ வாங்கிப் போங்கள், யோசிக்கவே வேண்டாம்.

விருந்துக்கு சேடர் என்று பெயர், 'ஒழுங்கு' என்று பொருள். 15 படிகள், வரிசை மாறாது, ஹகதா என்ற புத்தகத்தைப் பார்த்து எல்லோரும் சேர்ந்து வாசிப்பார்கள். உங்களிடமும் ஒரு பிரதி தருவார்கள், மொழிபெயர்ப்போடு இருக்கும், உங்கள் முறை வந்தால் தயங்காமல் வாசியுங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: உண்மையான சாப்பாடு பதினோராவது படியில்தான் வருகிறது. சில வீடுகளில் அதற்குள் இரண்டு மணி நேரம் ஓடிவிடும். மதியம் தாண்டி ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

மேசையில் இருப்பவை எல்லாம் பேசுகிற பொருட்கள். மட்சா என்ற புளிக்காத அப்பம் வரும். மாவு பொங்கக்கூடக் காத்திராமல் அவசரமாகக் கிளம்பியதன் நினைவு அது, அதே சமயம் ஹகதாவின் தொடக்கத்தில் அதை 'துன்பத்தின் அப்பம்' என்றும் சொல்கிறார்கள். அடிமை தின்ற அப்பமும் விடுதலையாகிப் போனவன் தின்ற அப்பமும் ஒன்றே, நான் யோசித்து யோசித்துப் பார்த்திருக்கிறேன், இதைவிடச் சுருக்கமாக இந்தக் கதையைச் சொல்ல முடியாது. கசப்புக் கீரை அடிமை வாழ்வின் கசப்பு, சிலர் லெட்யூஸ் வைப்பார்கள், சிலர் குதிரைமுள்ளங்கி என்கிற காட்டமான கிழங்கைத் துருவி வைப்பார்கள், அது மூக்குவரை ஏறும், கொஞ்சமாக எடுங்கள். உப்புத் தண்ணீர் கண்ணீர். ஹரோசெத் என்ற இனிப்புக் கூழ் செங்கல் பூசிய சேறு, ஐரோப்பிய வீடுகளில் ஆப்பிளும் வால்நட்டும், கிழக்கத்திய வீடுகளில் பேரீச்சை. தட்டில் ஒரு எலும்பு இருக்கும், அந்தக் காலத்து ஜெருசலேம் ஆலயத்தில் பலியிட்ட பஸ்கா ஆட்டின் நினைவு, அதைத் தின்னக் கூடாது. ஒரு முட்டையும் இருக்கும்.

நான்கு கிண்ணம் ஒயின் குடிப்பார்கள், திராட்சைச் சாறும் சரிதான், நீங்கள் மது தொடாதவர் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். இடதுபக்கம் சாய்ந்துகொண்டு குடிப்பார்கள், சுதந்திர மனிதர்கள் விருந்தில் சாய்ந்து உண்ட காலத்தின் மிச்சம். வீட்டின் கடைக்குட்டி எழுந்து 'மற்ற இரவுகளைவிட இந்த இரவு ஏன் வேறாக இருக்கிறது?' என்று நான்கு கேள்வி கேட்கும், பதில்தான் மீதி இரவு. குழந்தை இல்லாத வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள், தனியாக இருப்பவர்கூடத் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று சட்டம். கதை என்பது கேள்வியில்லாமல் தொடங்கக் கூடாது.

எகிப்தைத் தாக்கிய பத்து வாதைகளின் பெயரைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி ஒயினைக் கிண்ணத்திலிருந்து எடுத்துத் தட்டில் விடுவார்கள். நீங்களும் விரலை நனைத்து அப்படியே செய்யுங்கள். எகிப்தியர்கள் பட்ட துன்பத்தை நினைத்து நம் மகிழ்ச்சியின் கிண்ணம் நிறைந்திருக்கக் கூடாது என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். தன்னை அடிமையாக வைத்திருந்தவனின் வலிக்காகத் தன் கிண்ணத்தைக் குறைத்துக்கொள்வது சாதாரண விஷயம் இல்லை, அந்தப் பத்துத் துளியின்போது மேசையே கொஞ்சம் அமைதியாவதைக் கவனித்துப் பாருங்கள். பிறகு 'தயேனு' பாட்டு வரும், 'அதுவே நமக்குப் போதுமாயிருக்கும்' என்று பொருள். ஈரானிய யூதர்கள் வீடாக இருந்தால் அந்தப் பாட்டுக்கு எல்லோரும் வெங்காயத்தாளால் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வார்கள், எகிப்தின் சாட்டையடியாம் அது, பயந்துவிடாதீர்கள்.

சாப்பாடு முடிந்ததும் அஃபிகோமன் என்ற ஒளித்து வைத்த மட்சாத் துண்டைக் குழந்தைகள் தேடி எடுத்துப் பரிசு கேட்பார்கள், அதைச் சாப்பிட்டபின் வேறெதுவும் சாப்பிடுவதில்லை. எலியா தீர்க்கதரிசிக்கு ஒரு கிண்ணம் ஊற்றி வாசல் கதவைத் திறப்பார்கள். கதவைத் திறக்கச் சொன்னால் போய்த் திறங்கள். கடைசியில் 'அடுத்த ஆண்டு ஜெருசலேமில்' என்று சொல்லி முடிப்பார்கள், நள்ளிரவு தாண்டியிருக்கும்.

இலையுதிர்கால வரிசை

செப்டம்பர், அக்டோபரில் சுமார் மூன்று வாரத்தில் நான்கு பண்டிகை அடுத்தடுத்து வரும். அந்த மாதம் யூத நண்பர் பதில் போடத் தாமதமானால் காரணம் இதுதான்.

ரோஷ் ஹஷானா புத்தாண்டு. 2025 செப்டம்பர் 22 மாலை 5786-ஆம் ஆண்டு பிறந்தது, உலகப் படைப்பிலிருந்து எண்ணுகிற மரபுக் கணக்கு இது. வினைச்சொல் 'கேள்': ஆட்டுக்கடாக் கொம்பான ஷோஃபாரின் ஒலியைக் காதால் கேட்க வேண்டும், ஜெப ஆலயங்களில் 100 ஊதல்கள் ஊதுவது பரவலான வழக்கம். நீண்ட ஒன்று, மூன்றாக முறிந்த ஒன்று, விம்முகிற மாதிரி துண்டு துண்டாக ஒன்று. ஊதும்போது பேசக் கூடாது. முதல் நாள் சனிக்கிழமையில் விழுந்தால் ஆர்த்தடாக்ஸ் ஆலயங்களில் அன்று ஊதமாட்டார்கள், 2026-இல் அப்படித்தான் விழுகிறது. ஆப்பிளைத் தேனில் தொட்டுத் தருவார்கள், ரொட்டி வட்டமாக இருக்கும். வாழ்த்து 'ஷானா தோவா', நல்ல ஆண்டு.

அங்கிருந்து பத்தாம் நாள் யோம் கிப்பூர் என்ற பாவமன்னிப்பு நாள். இடைப்பட்ட நாட்களில் நண்பர் போன் செய்து 'இந்த வருடம் உன்னை எதிலாவது காயப்படுத்தியிருந்தால் மன்னித்துவிடு' என்று சொன்னால் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். கடவுளுக்கு எதிராகச் செய்ததை யோம் கிப்பூர் தீர்க்கும், சக மனிதனுக்குச் செய்ததை அவனிடம் போய்ச் சமாதானம் ஆகாதவரை தீர்க்காது என்று மிஷ்னா சொல்கிறது. அவர் அந்த வேலையைத்தான் செய்கிறார். மனதில் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் 'மன்னித்தேன்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

யோம் கிப்பூர் அன்று சுமார் 25 மணி நேரம் சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. குளிப்பது, எண்ணெயோ வாசனையோ பூசுவது, தோல் செருப்பு, தாம்பத்தியம் ஆகியவையும் விலக்கு. அதனால்தான் வெள்ளை உடையில் துணிக் காலணி போட்டவர்களை அன்று பார்ப்பீர்கள். ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் நோயாளி சாப்பிட்டே ஆக வேண்டும், உயிரைக் காப்பது விரதத்தைவிடப் பெரியது. 'மகிழ்ச்சியான யோம் கிப்பூர்' என்று வாழ்த்தாதீர்கள். 'க்மார் ஹதிமா தோவா', நல்ல முத்திரை விழட்டும் என்பதுதான் வழக்கம், அல்லது விரதம் எளிதாக இருக்கட்டும் என்று சொல்லலாம். போக முடிந்தால் மாலையில் கடைசித் தொழுகையான நெயிலாவுக்குப் போங்கள். வானத்து வாசல் மூடப்போகிறது என்ற எண்ணத்தில் நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவர்கள் எழுந்து நின்று பாடுவார்கள், முடிவில் ஒரே ஒரு நீண்ட ஷோஃபார் ஒலி.

அன்று இரவே பலர் அடுத்த பண்டிகைக்கான கூடாரத்தின் முதல் கழியை நட்டுவிடுவார்கள். ஐந்தாம் நாள் சுக்கோத், அதாவது கூடாரப் பண்டிகை. 'உட்கார்' என்பதுதான் கட்டளை, ஏழு நாள் அந்தக் கூடாரத்தில் சாப்பிட வேண்டும், தூங்குகிறவர்களும் உண்டு. சுவர் எதுவாகவும் இருக்கலாம், கூரைதான் முக்கியம்: மண்ணில் முளைத்து வெட்டப்பட்ட ஓலை, மூங்கில், கிளை இவற்றால் வேய்ந்திருக்க வேண்டும், வெயிலைவிட நிழல் அதிகம் வேண்டும், ஆனால் இரவில் நட்சத்திரம் தெரிகிற மாதிரி இருப்பது நல்லது. உறுதியான வீட்டை விட்டு, மழை வந்தால் நனைகிற இடத்தில் உட்காரச் சொல்வதுதான் இந்தப் பண்டிகையின் பொருள். எகிப்திலிருந்து வந்தவர்கள் வனாந்தரத்தில் அப்படித்தான் இருந்தார்கள். மழை பெய்தால் உள்ளே போய்விடலாம், அதற்குச் சட்டமே இடம் தருகிறது. எத்ரோக் என்ற நாரத்தை போன்ற பழம், பேரீச்சைக் குருத்தோலை, மிர்ட்டல், வில்லோ கிளைகள் சேர்த்து ஆறு திசையும் ஆட்டுவார்கள், எத்ரோக்கை முகர்ந்து பார்க்கத் தந்தால் மெதுவாகப் பிடியுங்கள், அதன் நுனிக் காம்பு உடைந்தால் பழம் சடங்குக்கு ஆகாமல் போகலாம், விலையும் அதிகம். போகும்போது ஒரு மேலாடை எடுத்துக்கொள்ளுங்கள், இரவில் குளிரும்.

கடைசியில் சிம்ஹத் தோரா. ஓராண்டாக வாரம் வாரம் வாசித்த தோராவின் கடைசிப் பகுதியை, மோசேயின் மரணத்தை, வாசித்து முடித்து, அதே மூச்சில் 'ஆதியிலே' என்று மறுபடி தொடங்குவார்கள். சுருள்களைத் தூக்கிக்கொண்டு ஏழு சுற்று ஆடுவார்கள். ஆடக் கூப்பிட்டால் ஆடுங்கள்.

ஹனுக்கா, பூரிம்

ஹனுக்காவை 'யூதர்களின் கிறிஸ்துமஸ்' என்று சொல்வதை நிறுத்திவிடலாம். இரண்டும் ஒரே பருவத்தில் வருகின்றன, அவ்வளவுதான். கிரேக்க அரசன் நான்காம் அந்தியோக்கஸ் ஜெருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தியதும், மக்கபேயர் என்ற யூதப் போராளிகள் எதிர்த்துப் போராடிக் கிமு 164 வாக்கில் அதை மீட்டுப் புனிதப்படுத்தியதும்தான் பின்னணி. ஒரு நாளுக்கான எண்ணெய் எட்டு நாள் எரிந்த கதை தல்மூத் என்ற பழைய யூதச் சட்ட விவாத நூலில் வருகிறது. முதல் இரவு ஒன்று, இரண்டாம் இரவு இரண்டு என்று எட்டு வரை கூடும், எட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும் என்று பழைய அறிஞர் ஷம்மாயின் பள்ளி சொன்னது, கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்ற ஹிலெல் பள்ளியின் கருத்து நின்றது. மற்றவற்றை ஏற்றுவதற்கு ஒரு துணை விளக்கும் தினமும் இருப்பதால் மொத்தம் 44 மெழுகுவத்தி வேண்டும். வலமிருந்து இடமாக அடுக்குங்கள், ஏற்றும்போது புதிதாகச் சேர்ந்ததை முதலில் ஏற்றுங்கள். அந்த வெளிச்சத்தில் படிக்கவோ வேலை செய்யவோ கூடாது, பார்ப்பதற்கு மட்டும்தான், அதனால்தான் தெருவில் போகிறவர்களுக்குத் தெரியும்படி ஜன்னலில் வைக்கிறார்கள். எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு அடை, ஜாம் வைத்த டோனட் இரண்டும் கிடைக்கும். நடுவில் வரும் ஷபாத்தைத் தவிர இந்த எட்டு நாளும் வேலைக்குப் போகலாம், போனையும் தொடலாம்.

பூரிம் அதற்குச் சுமார் மூன்று மாதம் கழித்து. பாரசீக அரசவையில் ஆமான் என்ற அமைச்சன் யூதர்களை அழிக்க நாள் குறிக்கச் சீட்டுப் போட்டதும் யூத அரசி எஸ்தர் அதைத் தடுத்ததும் கதை. எஸ்தரின் புத்தகத்தைச் சுருளிலிருந்து முழுதாக வாசிப்பார்கள், ஆமான் பெயர் வரும் ஒவ்வொரு முறையும் கால் தட்டி, கிலுகிலுப்பை ஆட்டி அந்தப் பெயரே காதில் விழாதபடி செய்வார்கள், நீங்களும் சேர்ந்து தட்டுங்கள், ஆனால் சத்தம் அடங்கும்வரை வாசிப்பவர் காத்திருப்பார், அடுத்த சொல் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு சொல்லையும் கேட்பது கடமை. வேடம் போட்டுக்கொண்டு போகலாம். நண்பருக்கு இரண்டு தின்பண்டமாவது அனுப்ப வேண்டும், ஏழைகள் இரண்டு பேருக்காவது கொடுக்க வேண்டும். அந்தப் புத்தகத்தின் எபிரேய மூலத்தில் கடவுளின் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை, வேடம் போடும் வழக்கத்துக்கு அதையும் ஒரு விளக்கமாகச் சொல்வார்கள்.

ஷாவுவோத் பற்றிச் சுருக்கமாக: பஸ்காவிலிருந்து 49 நாள் எண்ணி ஐம்பதாம் நாள், சீனாய் மலையில் தோரா கிடைத்த நாள். இரவெல்லாம் விழித்துப் படிப்பார்கள், பால் உணவு சாப்பிடுவார்கள். பெரிய சடங்குப் பொருள் எதுவும் கிடையாது. இரவில் படிக்கும் கூட்டத்துக்கு அழைத்தால் கேள்வியோடு போங்கள்.

துக்க நாள்

எல்லாம் விருந்து இல்லை. கோடையில் ஆவ் மாதம் ஒன்பதாம் நாள், திஷா பேஆவ், ஜெருசலேமின் இரண்டு ஆலயங்களும் அழிந்த நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. முதலாவது கிமு 586-இல் பாபிலோனியரால், இரண்டாவது கிபி 70-இல் ரோமரால். மாலையிலிருந்து மறுநாள் இரவுவரை யோம் கிப்பூர் போலவே கடும் விரதம், தோல் செருப்பு கிடையாது, ஆலயத்தில் விளக்கைக் குறைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து புலம்பல் புத்தகத்தைத் துக்க ராகத்தில் வாசிப்பார்கள். அன்று ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்வதில்லை. நீங்கள் 'ஷாலோம்' என்று சொல்லிவிட்டால் மெல்லிய குரலில் பதில் வரும், தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள், ஆனால் சொல்லாமல் இருப்பதே நல்லது. பரிசு எதுவும் வேண்டாம், நலம் விசாரிக்க வேண்டாம். மதியத்துக்குப் பின் நாற்காலியில் உட்காரத் தொடங்குவார்கள். அதுவரை நண்பர் தரையில் உட்கார்ந்திருந்தால் சத்தமில்லாமல் போய் நீங்களும் பக்கத்தில் தரையிலேயே உட்காருங்கள்.